ரேயான் குர்தியின் கழுத்து ஏன் விரிகிறது, விளிம்பு ஏன் இறங்குகிறது?

கேள்வி: மூன்று மீட்டர் ரேயான் எடுத்து அம்பர்லா குர்தி தைத்தேன். பருத்தியில் பத்துப் பதினைந்து உருப்படி தைத்த கைதான். ஆனால் இதில் கழுத்து விரிந்துவிட்டது. கீழ்விளிம்பு இரண்டு இடத்தில் இறங்கி நிற்கிறது. ஒரு முறை துவைத்ததும் உயரமும் குறைந்துபோனது. குறை என் தையலிலா, மெஷினிலா? இந்தத் துணியை எப்படித்தான் தைப்பது?

பதில்: உங்கள் தையலிலும் குறை இல்லை, மெஷினிலும் குறை இல்லை. நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றுகூட ஊசிக்கு அடியில் நடந்தது அல்ல. உயரம் குறைந்தது, வெட்டுவதற்கு முன்பே பக்கெட்டில் நடந்து முடிந்திருக்க வேண்டியது. கழுத்து விரிந்தது, கத்தரியைக் கீழே வைத்த அடுத்த நிமிடமே. விளிம்பு இறங்கியது, இறங்கட்டும் என்று விடாமல் அன்றைக்கே மடித்து அடித்ததால். ரேயான் உடையில் மெஷின் வேலை கால் பங்குதான். மிச்ச முக்கால் பங்கு நனைப்பது, உலர்த்துவது, பரப்புவது, சும்மா விட்டுவைப்பது. பருத்தி தைத்துப் பழகியவர்களுக்கு அந்தச் சும்மா விட்டுவைப்பதுதான் கைவராது. எனக்கும் வெகுநாள் கைவரவில்லை.

முதலில் கையில் இருப்பது என்ன துணி என்று பார்த்துவிடுவோம். ரேயான் மரக்கூழிலிருந்து வருகிறது. கூழை எரிசோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு சேர்த்து, தேன்போல் கெட்டியான பாகாக்கி, நுண்துளைகள் வழியே கந்தக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சினால் இழையாக உறைகிறது. இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்ற மூவர் 1892இல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். பாகின் பிசுபிசுப்பை வைத்துத்தான் விஸ்கோஸ் என்ற பெயர். ரேயான் என்ற பெயர் 1924இல் அமெரிக்காவில் வைத்தது. அதுவரை செயற்கைப் பட்டு என்றே விற்றார்கள். நம் பக்கத்தில் 1950இல் கேரளத்துப் பெரும்பாவூரில் ரேயான் ஆலை ஓடத் தொடங்கியது. ஆலை மூடி எத்தனையோ வருடம் ஆன பின்னும் அந்த இடத்துக்கு ரேயான்புரம் என்றுதான் பெயர். இன்று ஈரோட்டுச் சுற்றுவட்டார விசைத்தறிகளில் நெய்யும் ரேயான், வெள்ளைத்துணியாக வடக்கே போய், அச்சும் சாயமும் ஏறி, குர்தித் துணியாக மறுபடி நம் கடைக்கே வருகிறது.

இந்தக் கதை எதற்கு என்றால், ரேயானும் பருத்தியும் ஒரே பொருள்தான் என்பதற்காக. இரண்டும் செல்லுலோஸ். தொட்டால் குளுமை, வியர்வையை உறிஞ்சும், சூட்டுக்கு உருகாது. ஆனால் ஒருமுறை கரைத்து மறுபடி உறையவைத்த செல்லுலோஸ் என்பதால் அதன் உள்கட்டு பருத்தியைப் போல இறுகியிருப்பதில்லை. தண்ணீர் எளிதில் உள்ளே புகுந்து இழையை ஊதவைக்கும். ஈரப் பருத்தி காய்ந்த பருத்தியைவிட வலுவானது. ஈர ரேயானோ காய்ந்த ரேயானின் பாதி வலுவுக்கு வந்துவிடும். நாம் படும் பாடெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் கிளைக்கிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். துணியின் ஓரத்திலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு நான்கைந்து நூல் உருவுங்கள். ஒன்றை அப்படியே இழுத்து அறுத்துப் பாருங்கள். கொஞ்சம் முரண்டு பிடிக்கும். இன்னொன்றின் நடுவில் மட்டும் நாக்கு நுனியால் ஈரம் தொட்டு இழுங்கள். சொல்லிவைத்தது போல ஈரம் பட்ட இடத்திலேயே அறும். அப்படி அறுந்தால் ரேயான்தான். அறுந்த துண்டைக் கொளுத்தினால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் தொட்டால் பொடியாகும். சுருங்கி உருகி, முனையில் மணி போல இறுகினால் அது பாலியெஸ்டர், அல்லது பாலியெஸ்டர் கலந்தது. ரேயான் என்று சொல்லி விற்கிற துணியில் இந்தக் கலப்பு உண்டு. ஒரு கடையில் நானே ஆறு மீட்டர் ஏமாந்திருக்கிறேன். தைக்கும்போது எந்தத் தொல்லையும் தரவில்லை, விளிம்புகூட இறங்கவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மே மாத வெயிலில் உடுத்தியபோதுதான் தெரிந்தது.

வாங்கும்போது இரண்டு கவனம். ஒன்று கனம். மொத்தக் கடைகளில் 14 கிலோ ரேயான், 16 கிலோ ரேயான் என்று பேசுவார்கள். எண் ஏற ஏறத் துணி கனக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் கனமானதை எடுப்பது நல்லது. மெல்லியது அழகாகத்தான் விழும், ஆனால் மேசையிலிருந்தும் விழும். இரண்டாவது அளவு. பருத்தியில் இரண்டரை மீட்டர் எடுக்கிற குர்திக்கு ரேயானில் இரண்டே முக்கால் எடுங்கள். அந்தக் கால் மீட்டர் தண்ணீருக்கு.

அடுத்தது நனைப்பது. இதைத் தாண்டிப் போகாதீர்கள். தறியிலும் சாயப்பட்டறையிலும் துணியை இழுத்துப் பிடித்தே வேலை செய்கிறார்கள். இழுத்த வாக்கில் காய்ந்த இழை, முதல் தண்ணீர் பட்டதும் தன் நிலைக்குத் திரும்புகிறது. அதைத்தான் சுருக்கம் என்கிறோம். போன மாதம் ஒரு துணியை அளந்து நனைத்தேன்: 300 சென்டிமீட்டர் நனைத்துக் காய்ந்த பின் 284 ஆனது. நூற்றுக்கு ஐந்துக்கு மேல். 42 அங்குலக் குர்தியில் இது இரண்டு அங்குலத்தைத் தாண்டும். உங்கள் குர்தி குறைந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். அகலத்தில் இவ்வளவு குறையாது. நீளவாக்கில் ஓடும் பாவு நூல்தான் தறியில் அதிகம் இழுபடுகிறது. அதனால்தான் இடுப்பு சரியாக இருக்கும்போதே உயரம் மட்டும் ஏறிக்கொள்கிறது.

பின்னால் எந்த மாதிரித் துவைக்கப் போகிறீர்களோ அதே மாதிரி இப்போது ஒருமுறை துவைத்துவிடுங்கள். மெஷினில் போடுவதாக இருந்தால் இப்போதே மெஷினில் போடுங்கள். சும்மா தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு, பிறகு சூடான தண்ணீரில் துவைத்தால் மறுபடி சுருங்கும். தண்ணீரில் ரேயான் அட்டை போல விறைக்கும். கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், காய்ந்தால் பழைய நெகிழ்வு வந்துவிடும். முறுக்கிப் பிழியாதீர்கள். பாதி வலுவோடு இருக்கிற நேரம் அது. உருட்டி, ஒரு துண்டுக்குள் வைத்து அமுக்கினால் போதும். கொடியில் போடும்போது ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிடாமல், இரண்டு கொடிகளில் பரவலாக, நிழலில் போடுங்கள்.

கல்லுப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லார் வீட்டிலும் சொல்வார்கள், என் அம்மாவும் சொல்வார். சாயப்பட்டறையில் உப்பு சேர்ப்பது உண்மைதான். சாயம் தண்ணீரை விட்டு இழைக்குள் ஏற அது உதவுகிறது. ஆனால் ஏற்கெனவே ஏற்றிய சாயத்தை நம் பக்கெட்டில் போடும் இரண்டு கைப்பிடி உப்பு கட்டிப்போடாது. சாயம் போகிற துணி போகத்தான் செய்யும். இரண்டு மூன்று தண்ணீர் அலசி, தெளிந்த பிறகு தைப்பதுதான் வழி.

லேசான ஈரம் இருக்கும்போதே, உள்பக்கமாக, மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். பெட்டியை இழுத்துத் தேய்க்காமல், வைத்து எடுத்து வைத்து எடுத்து அழுத்துங்கள். இழுத்துத் தேய்த்தால் பெட்டி போகிற திசையில் துணியும் கூடவே போகும். நனைத்துச் சுருக்கியதை மறுபடி இழுத்து நீட்டியது போலாகிவிடும். மேல்பக்கம் தேய்த்தால் கருநிறத் துணியில் பளபளவென்று தடம் விழும்.

இப்போது என் சொந்த வைத்தியம் ஒன்று. வழுக்கும் ரேயானை அடக்கக் கஞ்சியை மிஞ்சியது இல்லை. கைப்பிடி ஜவ்வரிசியை ஒரு லிட்டர் தண்ணீரில் கண்ணாடிபோல் ஆகும்வரை கொதிக்கவைத்து, வடிகட்டி, இன்னும் இரண்டு லிட்டர் தண்ணீர் கலந்து, துவைத்த துணியை முக்கி எடுத்து உலர்த்தி இஸ்திரி போடுங்கள். சோறு வடித்த கஞ்சியும் ஆகும், ஆனால் பருக்கை ஒட்டாமல் இரண்டு முறை வடிகட்ட வேண்டும். காய்ந்த துணி காகிதம் போல நிற்கும். போட்ட கோடு நிற்கும், மடித்த மடிப்பு நிற்கும், ஓரம் சுருளாது. தைத்து முடித்து ஒரு தண்ணீரில் அலசினால் கஞ்சி போய்விடும், நெகிழ்வு திரும்பிவிடும். கருநீலம், கறுப்பு போன்றவற்றில் வெள்ளைத் திட்டு தெரியும். அலசினால் அதுவும் போகும். கஞ்சி போட்ட துணியை வெட்டாமல் மாதக்கணக்கில் பீரோவில் மட்டும் வைக்காதீர்கள். பூச்சிக்கு விருந்து வைத்ததாகிவிடும்.

வெட்டும் இடத்துக்கு வருவோம். மேசை வேண்டாம். மேசையிலிருந்து அரை மீட்டர் துணி கீழே தொங்கினாலே அதன் எடை மேலே இருப்பதையும் இழுத்துக்கொண்டிருக்கும். வெட்டும்போது நேராகத் தெரிந்த கோடு, எடுத்துப் பிடித்தால் வில்லாக வளைந்திருக்கும். தரையில் பரப்புங்கள். வெறும் மொசைக் தரையில் ரேயான் மீன்போல் வழுக்கும்; கீழே ஒரு பழைய பருத்திப் போர்வையை விரித்தால் அது பிடித்துக்கொள்ளும்.

துணியின் முனை கடையில் வெட்டிக் கொடுத்தபடி கோணலாகத்தான் இருக்கும். அகலவாக்கில் ஓடும் ஊடை நூல் ஒன்றைப் பிடித்து மெதுவாக உருவுங்கள். நூல் வெளியேறிய இடத்தில் மெல்லிய கோடு தெரியும். அந்தக் கோட்டிலேயே வெட்டினால் முனை நேராகும். பருத்தியைப் போல டர்ரென்று கிழித்து நேர்செய்யலாம் என்று நினைக்காதீர்கள். கிழிபடும், ஆனால் கிழிந்த ஓரம் இரண்டு விரல் அகலத்துக்கு நெளிந்துபோகும். இப்படி நேர்செய்த பிறகு கரையோடு கரையும் முனையோடு முனையும் சேரும்படி ஒரே ஒரு மடிப்பு மடியுங்கள். மடித்ததும் வெட்டிவிடாமல் எழுந்து போய்ச் சமையலைப் பாருங்கள். அரை மணி கழித்து வந்தால், சேர்த்துவைத்த கரை கால் அங்குலம் விலகியிருப்பதைக் காண்பீர்கள். துணி தன் இஷ்டத்துக்கு அமர்ந்திருக்கிறது. இப்போது மறுபடி சரிசெய்து வெட்டலாம்.

அம்பர்லா வெட்டுக்கு வழக்கமாக நாலாக மடித்துக் கால்வட்டம் போடுவோம். ரேயானில் அது ஆபத்து. மேல் மடிப்பு ஒரு இடத்தில், அடி மடிப்பு ஒரு இடத்தில் என்று நான்கும் நான்கு அளவாக வரும். முன்பாகத்தைத் தனியாக, பின்பாகத்தைத் தனியாக, இரண்டு மடிப்பில் வெட்டுங்கள். காகிதத்தில் அளவு வரைந்து வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றாக இருக்கும். செய்தித்தாள் ஒட்டியும் செய்யலாம். ஓரத்தில் கனம் வைக்க என்னிடம் பழைய படிக்கற்கள் இருக்கின்றன. இல்லாதவர்களுக்குத் தண்ணீர் நிரம்பாத கனத்த பித்தளைச் சொம்பு போதும். தையல் சாக்பீஸ் துணியை இழுத்துக்கொண்டு போகும். அதற்குப் பதில் கரைந்து மெலிந்து காய்ந்த குளியல் சோப்புத் துண்டு ஒன்றை எடுத்து, முனையைக் கத்தியால் சீவிக் கோடு போடுங்கள். துவைத்தால் தடமே இருக்காது. கத்தரி சாணை பிடித்ததாக இருக்கட்டும். கீழ் அலகு தரையை விட்டு எழக்கூடாது. வெட்டிய துண்டை அப்படியே தூக்கி உதறாதீர்கள். யாராவது பார்க்க ஆசைப்பட்டு எடுத்துப் பிடித்தாலும் தடுத்துவிடுங்கள். உங்கள் கழுத்து விரிந்தது இந்த இடத்தில்தான்.

கழுத்து வளைவில் நேர்நூலும் இல்லை, குறுக்குநூலும் இல்லை. பெரும்பகுதி கிராஸில், அதாவது இரண்டு நூலுக்கும் சாய்வாக, வெட்டுப்பட்ட ஓரம். கிராஸில் எந்தத் துணியும் இழுபடும். பருத்தியில் நூலுக்கு நூல் உரசல் அதிகம் என்பதால் கொஞ்சம் இழுபட்டு நின்றுவிடும். ரேயான் நூல் வழவழப்பானது. பிடிமானம் இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கிக்கொண்டே போகும். அதனால் வெட்டியதும் முதல் வேலையாக, துண்டைத் தரையிலிருந்து மெஷினுக்கு ஏந்திக் கொண்டுபோய், கழுத்து ஓரத்திலிருந்து கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் உள்ளடங்கலாக ஒரு சுற்றுத் தையல் போட்டுவிடுங்கள். தோளில் தொடங்கி நடுக்கழுத்தில் நிறுத்துங்கள். மறுபடி அடுத்த தோளில் தொடங்கி நடுக்கழுத்துக்கு வாருங்கள். ஒரே மூச்சில் தோளிலிருந்து தோளுக்கு ஓட்டினால் ஒரு பக்கம் உள்வாங்கி, மறுபக்கம் விரிந்து, கழுத்து ஒருக்களித்து நிற்கும். கைக்குழிக்கும் இதே தையல். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்த துண்டை இரண்டு நாள் கழித்துத் தைத்தாலும் அளவு மாறாது.

பிறகு கழுத்துக்கு என்ன வைப்பது? நம் ஊர்த் தையலில் பேப்பர் கேன்வாஸ் வைத்துக் கழுத்தை அட்டைபோல் நிறுத்துகிற வழக்கம் இருக்கிறது. ரேயானில் அது பொருந்தாது. உடை முழுக்கத் தண்ணீர் போல ஒழுகும்போது கழுத்து மட்டும் தகரத்தில் செய்தது போல் நிற்கும். மிக மெல்லிய ஒட்டு கேன்வாஸ் கிடைத்தால் நல்லது. முதலில் ஒரு துண்டில் ஒட்டிப் பாருங்கள், சூடு கூடினால் பசை மேலே கசிந்து புள்ளியாகத் தெரியும். கிடைக்காவிட்டால் துவைத்துச் சுருக்கிய மெல்லிய பருத்தி லைனிங்கையே பட்டியாக வெட்டி வையுங்கள். எனக்குப் பிடித்தது, கிராஸில் வெட்டிய பட்டியை ஓரத்தில் வைத்து அடிக்கிற கிராஸ் பைப்பிங்தான். அதையும் அதே ரேயானில் வெட்டாமல் பருத்தியில் வெட்டினால் கழுத்தை அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

தோளுக்கு ஒரு சிறு உபாயம். குர்தியின் மொத்தக் கனத்தையும் தாங்குவது நான்கு நான்கரை அங்குலத் தோள் தையல்தான். அம்பர்லாவின் வீச்சு அகலமாக இருந்தால் அந்தத் தையல் மாதத்துக்கு மாதம் நீளும், கைத் தையல் தோளை விட்டுக் கீழே இறங்கும். பருத்தி லைனிங்கின் கரையோரத்தை அரை அங்குல அகலத்துக்கு நறுக்கி, தோள் தையலோடு சேர்த்து அடித்துவிடுங்கள். கரை நீளவே நீளாது. தோளும் நீளாது. லைனிங் கரையை நான் தூக்கி எறிவதே இல்லை. ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வைத்திருக்கிறேன்.

மெஷினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஊசி 11ஆம் எண், அதுவும் புதிது. கெட்டித் துணிக்குப் போடும் 16ஆம் எண் ஊசி ரேயானில் ஓட்டை போடும், இல்லாவிட்டால் துணியையே ஊசித்தட்டுக் குழிக்குள் தள்ளும். முனை மழுங்கிய ஊசி நூலைக் குத்தி இழுத்து, துணி நெடுகக் கம்பி போல் ஒரு கோடு விடும். தையல் அங்குலத்துக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு. பாதத்தை அமுக்குகிற மேல் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அழுத்தம் அதிகமானால் கீழ்த்துணி பல்லோடு ஓடிவிடும், மேல்துணி பின்தங்கும், முடிவில் ஒரு பக்கம் அரை அங்குலம் மிஞ்சும். தொடக்கத்தில் துணி குழிக்குள் போனால், ஒரு துண்டுத் துணியில் தையலை ஆரம்பித்து அப்படியே ரேயானுக்கு ஏறுங்கள். முன்னும் பின்னும் மூன்று தடவை அடித்து முடிச்சுப் போடுகிற பழக்கத்தை விட்டுவிட்டு, நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சுப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், பின்னாலிருந்து துணியை இழுக்காதீர்கள். நம்மில் பாதிப் பேருக்கு இடது கை தானாகவே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

ஓரம் அடிப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரேயான் ஓரம் பிசிறும், அது எல்லோரும் அறிந்தது. அதைவிடப் பெரிய வில்லங்கம், தையல் அறாமலே துணி விட்டுக்கொடுப்பது. கையை முன்னால் நீட்டினால் முதுகுப்பக்கக் கைக்குழி ஓரத்தில் நூல்கள் விலகி, ஏணிபோல் வெளிச்சம் தெரியும். தையல் நூல் அப்படியே இருக்கும். துணியின் நூல் சறுக்கி ஒதுங்கியிருக்கும். இதற்கு மருந்து உறுதியான தையல் அல்ல, தளர்வான அளவு. மார்புச் சுற்றுக்கு மேல் மூன்று நான்கு அங்குலம் தளர்வு விடுங்கள். உடம்போடு ஒட்டித் தைக்க வேண்டும் என்கிறவர்களுக்கு நான் ரேயானில் தைத்துக் கொடுப்பதில்லை. இறுக்கமான சேலை ரவிக்கை கேட்டு வருகிறவர்களிடமும் அதையேதான் சொல்கிறேன்.

பக்கத் தையலுக்கு, ஓரம் பிசிறாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் இருந்தால் அடியுங்கள். இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. பிரெஞ்சுத் தையல் இந்தத் துணிக்கென்றே கண்டுபிடித்தது போல் இருக்கும். துணியின் உள்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி, அதாவது வழக்கத்துக்கு நேர்மாறாகச் சேர்த்து, ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் ஒரு தையல். ஓரத்தைப் பாதியாக நறுக்குங்கள். இஸ்திரிப் பெட்டியை ஒருமுறை வைத்து எடுங்கள். இப்போது புரட்டி, மேல்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி மடித்து, மடிப்பிலிருந்து மூன்று நூல் தள்ளி (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு), இரண்டாவது தையல். பிசிறு முழுவதும் உள்ளே அடைபட்டுவிடும். நறுக்கும்போது சோம்பல்பட்டால் மேல்பக்கம் மீசைபோல் நூல் எட்டிப்பார்க்கும். அதைப் பிறகு பிடுங்கவும் முடியாது, மறைக்கவும் முடியாது. இதற்கு ஓரம் மொத்தம் ஐந்து நூல் அளவு, அதாவது அரை அங்குலத்துக்குச் சற்று மேல், விட்டு வெட்டினால் சரியாக இருக்கும்.

பின்னால் பிரித்துக்கொள்ளலாம் என்று ஒன்றரை அங்குலம் உள்ளே விடுகிற வழக்கத்தை ரேயானில் விட்டுவிடலாம். பிரித்தால் பழைய ஊசித்துளை வரிசை போகாது. அதோடு உள்ளே இருக்கும் அந்தப் பட்டை, மெல்லிய துணியின் வீழ்ச்சியைப் பக்கவாட்டில் கனமாக்கிக் கெடுத்துவிடும். தையலைப் பிரிப்பதே இந்தத் துணியில் ஒரு தண்டனை என்பதால், சந்தேகமான இடங்களைக் கையால் இழையோட்டிப் போட்டுப் பார்த்துவிட்டு மெஷினில் ஓட்டுவேன்.

இனி மிச்சமிருக்கும் மூன்றாவது குறை, இறங்கிய விளிம்பு. எனக்கு முதன்முதலில் பாடம் படித்துக் கொடுத்ததும் அதுதான். பக்கத்து வீட்டு அக்கா தன் மகளுக்குப் பொங்கலுக்கென்று அம்பர்லா குர்தி கேட்டார். போகியன்று இரவு தைத்து, அன்றே விளிம்பு மடித்து அடித்து, இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டேன். தரையில் விரித்துப் பார்த்தபோது திருஷ்டி பட்டுவிடும் போல வட்டம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. பொங்கலன்று காலை அந்தப் பெண் உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். "என்னம்மா இது, ரெண்டு பக்கமும் காது தொங்குகிறது?" என்றார் அக்கா. முன்னும் பின்னும் முழங்காலில் நிற்க, இடையில் இரண்டு பக்கமும் விளிம்பு இரண்டு அங்குலம் கீழே வந்திருந்தது. அளந்தது தப்பில்லை, வெட்டியது தப்பில்லை. வட்டத்தில் நேர்நூல் விழும் இடங்கள் நீளாமல் நின்றுவிட்டன. கிராஸ் விழும் இடங்கள் தங்கள் கனத்திலேயே நீண்டு இறங்கிவிட்டன. ஒரே ராத்திரியில்.

ஆகவே, விளிம்பு மடிப்பதற்கு முன் உடையைத் தொங்கவிட வேண்டும். சாதாரண ஏ-லைன் குர்திக்கு ஒரு நாள். அம்பர்லாவுக்கு இரண்டு நாள். முடிந்தால் இடுப்புத் தையல் போடுவதற்கு முன் கீழ்ப்பாகத்தை மட்டும் தனியாக, இடுப்பு ஓரத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிடுங்கள். முழுதும் தைத்துவிட்டால் அகலமான ஹேங்கரில் மாட்டுங்கள். கம்பி ஹேங்கர் தோளில் குமிழ் விடும். இறங்க வேண்டியது இறங்கட்டும்.

அதன் பிறகு சமன் செய்வதைத் தரையில் விரித்துச் செய்யாதீர்கள். உடுத்துகிறவரே உடுத்தி நிற்க வேண்டும், செருப்பில்லாமல், இரண்டு காலிலும் சமமாகக் கனம் ஊன்றி. நீங்கள் கீழே உட்கார்ந்து, ஸ்கேலைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி, தரையிலிருந்து எத்தனை அங்குலம் வேண்டுமோ அத்தனையில் குண்டூசி குத்திக்கொண்டே சுற்றி வாருங்கள். அவர் திரும்பக் கூடாது. நீங்கள்தான் நகர வேண்டும். முட்டி வலிக்கும். ஆனால் தோள் ஒரு பக்கம் ஏறியவர்கள், வயிறு முன்தள்ளியவர்கள், யாராக இருந்தாலும் விளிம்பு தரைக்கு இணையாக நிற்கும். குண்டூசி வரிசைக்கு அரை அங்குலம் கீழே வெட்டிவிடுங்கள். வட்ட விளிம்பில் அகல மடிப்பு சுருக்கம் சுருக்கமாக எழும், அதனால் கால் அங்குலம் கால் அங்குலமாக இரண்டு மடிப்பு போதும். முதல் மடிப்பை அளவு வைக்க, கால் அங்குலத்தில் ஒரு நீளத் தையலை ஓட்டிக்கொண்டால் அதுவே கோடாகவும் இருக்கும், ஓரம் விரியாமலும் பிடிக்கும்.

நீங்கள் ஏற்கெனவே தைத்த குர்தியை வீசிவிட வேண்டாம். துவைத்துச் சுருங்கியாயிற்று, இறங்கியும் ஆயிற்று, இனி அது அடங்கிய துணி. விளிம்பைப் பிரித்து, மேலே சொன்னபடி உடுத்தி நிற்கச் சொல்லிச் சமன் செய்யுங்கள். உயரம் குறையும், குட்டை மேற்சட்டையாகப் பலாசோவோடு போடலாம். மிச்சம் துணி இருந்தால் கீழே நாலு அங்குலச் சுருக்குப் பட்டி வைத்து உயரத்தை மீட்கலாம், அதுவும் இந்தத் துணியில் நன்றாகவே விழும். கழுத்தைத் தோள் தையலில் கொஞ்சம் உள்வாங்கி, சுற்றிலும் நீளமான தையல் ஒன்று ஓட்டி, நூலை மெல்ல இழுத்து அளவுக்குக் கொண்டுவந்து, அந்தச் சுருக்கத்தை ஈரத்துணி வைத்து இஸ்திரியால் அமர்த்துங்கள். பிறகு பருத்திக் கிராஸ் பைப்பிங். ஒரு அங்குலம்வரை விரிந்த கழுத்தை இப்படி மீட்டிருக்கிறேன்.

ரேயானுக்கு எந்த மாதிரி உடை தைக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் அடுத்த துணி எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை. அம்பர்லாதான் இருப்பதிலேயே கடினமானது; முதல் ரேயானுக்கு நீங்கள் எடுத்துக்கொண்டது அதைத்தான். நைட்டியிலோ பலாசோவிலோ தொடங்கியிருந்தால் கை பழகியிருக்கும். நேரான துண்டுகள், இடுப்பில் எலாஸ்டிக் அல்லது நெஞ்சுக்குக் குறுக்கே சுருக்கு, அவ்வளவுதான். பருத்தியில் சுருக்கு வைத்தால் உப்பி நிற்கும். ரேயானில் வைத்தால் தாராளமாக இரண்டு மடங்கு துணி உள்ளே போனாலும் ஆளைப் பருமனாகக் காட்டாமல் கீழே ஒழுகிவிடும். அந்தக் குணத்துக்காகத்தான் இத்தனை பாடும். பாக்கெட் வைத்தால் பக்கத் தையலில் வையுங்கள், அந்த இடத்தில் லைனிங் கரை ஒன்றைச் சேர்த்து. மேலே ஒட்டுப் பாக்கெட் வைத்தால் செல்போன் போட்ட மறுநாளே அது முழங்காலை எட்டிப்பார்க்கும்.